பி தொட்டி மீன்களுக்கு எதுவும் போடாதீர்கள்

காப்பார்,
14 ஜனவரி 2025, செவ்வாய்

அன்புள்ள குமுதாவுக்கு,

உன் கணவன் திருச்செல்வம் எழுதுவது. நலமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். என்னை வாட்ஸ்அப்பில் தடுத்து வைத்துவிட்டு, "சொல்ல வேண்டியதை எழுதி மீன் பெட்டி மூடியில் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள்" என்று லோரிக்கார ஜுஹைரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். ஒரு நாளைக்குப் பதினான்கு குரல் செய்தி அனுப்பியது தப்புதான். அதற்காக முப்பது வருடம் குடித்தனம் செய்தவனை இப்படி உட்கார்ந்து கடிதம் எழுத வைப்பதா? "என்ன பாஸ், லவ் லெட்டரா?" என்று ஜுஹைர் கேட்கிறான். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா?

உன் கட்டளைப்படி எல்லாம் செய்தாயிற்று. வீட்டுக்குப் பின்னால் இரண்டு தொட்டி. ஒவ்வொன்றிலும் இருபது சியாகாப் மீன். ஏ தொட்டிக்கு வழக்கமான தீவனம். பி தொட்டிக்கு நீ வெள்ளைச் சாக்கில் வைத்துவிட்டுப் போன, பாஸ்பேட் குறைந்த தீவனம். இன்றிலிருந்து எட்டு வாரம். அந்தச் சாக்கை முகர்ந்து பார்த்தேன், சாக்பீஸ் வாடை. ஒரு மீன் அதை வாயில் போட்டது, துப்பியது, என்னைப் பார்த்தது. நீ சோதனை செய்து பழகிப் பார்ப்பதற்காகக் கேட்ட, நம் குளத்து மீன்கள் இரண்டும் இந்தப் பெட்டியில் உயிரோடு வருகின்றன.

இன்று பொங்கல். பவுனம்மாள் அக்கா, வேலாயுதம் மச்சான், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்திருக்கிறார்கள். சித்தப்பா மகன் சுகுமாறனும் இருக்கிறான். மொத்தம் பதினோரு பேர். பொங்கல் பொங்கியது, அடியும் பிடித்தது. தீபாவளி முடிந்த கையோடு பெட்டி கட்டிக்கொண்டு போனவள் எப்போது வருவாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாசாரில் காய்கறி வாங்கும்போது ஒரு பையன் கேட்டான், "ஆன்டி எதுல பிஎச்டி பண்றாங்க?" மீனில் என்றேன். "மீன்தான் இங்கேயே இருக்கே லா அங்கிள், எதுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் போனாங்க?" என்கிறான். என்ன பதில் சொல்வது என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
திருச்செல்வம்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
21 ஜனவரி 2025

அன்புமிக்க என் வீட்டுக்காரருக்கு,

மீன்கள் துள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தன. பதிலை ஜுஹைரின் காலிப் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். நான் நலம். மாடியில் ஒற்றை அறை, கீழே பூக்கடை. காலையில் எழுந்ததும் எனக்கு மட்டும் ஒரு கோப்பை தேநீர் போட்டுக் குடிக்கிறேன். அதில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்று இருபத்தெட்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

பாசார் பையனுக்குப் பதில் இதோ. உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் சுற்றி எண்ணெய் போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. எலும்புக்கும் செதிலுக்கும் பாஸ்பேட் வேண்டும். செல் உயிரோடு இருப்பதற்கே வேண்டும். ஆனால் பாஸ்பேட்டால் அந்தச் சவ்வைத் தானாகக் கடக்க முடியாது. அதனால் குடல் செல்களின் சவ்வில் புரதத்தால் ஆன வாசல்கள் இருக்கின்றன. மூன்று சோடியம் கூட வந்தால்தான் அந்த வாசல் ஒரு பாஸ்பேட்டை உள்ளே விடும். மீனுக்குப் பாஸ்பேட் பெரும்பாலும் தீவனத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும், தண்ணீரில் இருப்பது போதாது. தீவனத்தில் அதைக் குறைத்தால் சியாகாப் தன் செல்களில் கூடுதல் வாசல்களை வைத்துக்கொள்ளுமா? வைத்தால் எத்தனை மடங்கு? இதற்குத்தான் ஐந்து வருடமாக அலைகிறேன்.

இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கிவிட்டேன். ஜூன் 30க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பெயரை நீக்கிவிடுவார்கள். ஆகவே காலில் விழுந்து கேட்கிறேன், பி தொட்டி மீன்களுக்கு வேறு எதுவும் போடாதீர்கள். ஒரு நெத்திலித் தலைகூட வேண்டாம். அது முழுக்கப் பாஸ்பேட்.

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

உங்கள்,
குமுதா


காப்பார்,
28 ஜனவரி 2025

அன்புள்ள குமுதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை தலை சுற்றியது. மூன்றாவது முறை பளிச்சென்று புரிந்துவிட்டது. இதை நீ கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தால் நானும் ஒரு விஞ்ஞானி ஆகியிருப்பேன்.

பாஸ்பேட் தனியாக உள்ளே வராது. கௌரவம் பார்க்கும். மூன்று பேர் போய்க் கூப்பிட வேண்டும். இவ்வளவுதானே? நான் மடையன், ஒற்றை ஆளாகப் பதினான்கு குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலேயே இரு. ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

வெற்றி நிச்சயம் என்ற நம்பிக்கையுடன்,
திருச்செல்வம்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
4 பிப்ரவரி 2025

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் ஏற்பாடு காலை எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டியது. திறந்தால் உங்கள் பவுனம்மாள் அக்கா, வேலாயுதம் அண்ணன், சுகுமாறன்.

"கிளம்பு குமுதா," என்றார் அக்கா. "நாங்க மூணு பேரும் சோடியமாம். தம்பி சொல்லி அனுப்பிட்டான். சோடியம்னா என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா உன்னைக் கூட்டிட்டுப் போகாம நகர மாட்டோம்."

"சும்மா இரு பவுனு, முதல்ல பசியாறுவோம் லா," என்றார் வேலாயுதம் அண்ணன். சுகுமாறன் அதற்குள் என் குளிர்பெட்டியைத் திறந்துவிட்டான். நான் நான்கு நாளைக்கென்று சமைத்து வைத்திருந்ததை மூன்று சோடியமும் சாப்பிட்டன. பாத்திரங்களைத் தொட்டியில் போட்டன. பிறகு கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, பாஸ்பேட் இல்லாமலே திரும்பிப் போயின.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சோடியம் யாரையும் போய் அழைத்து வருவதில்லை. செல்லுக்கு வெளியே சோடியம் நெரிசலாக இருக்கிறது, உள்ளே குறைவாக இருக்கிறது. அதனால் அது உள்ளே பாய்கிறது, அந்த வேகத்தில் பாஸ்பேட்டும் கூட வருகிறது. உள்ளே இடம் இருக்க வேண்டுமானால் செல் ஓயாமல் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பதை நிறுத்திவிட்டால் உள்ளேயும் நெரிசல்தான், அப்புறம் பாஸ்பேட் எப்படி வரும்?

நம் வீட்டைப் பாருங்கள். மீன் வளர்க்கிற வீடு என்று வாரக்கடைசி தவறாமல் சொந்தக்காரர்கள். பொரிக்க, குழம்பு வைக்க, கட்டிக் கொடுத்து அனுப்ப நான் ஒருத்தி. என் முதல் நீட்டிப்பு உங்கள் அக்கா மகள் பிரசவத்தில் போயிற்று, இரண்டாவது சுகுமாறன் வேலை தேடியதில் போயிற்று. ஒரு நாள்கூட நீங்கள் யாரையும் "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னதில்லை. நான் உங்களை விட்டு வரவில்லை. அந்த அடுப்பை விட்டு வந்தேன். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வாய் வரவில்லை.

குமுதா


காப்பார்,
18 பிப்ரவரி 2025

அன்புள்ள குமுதாவுக்கு,

பொங்கலுக்கு வந்தவர்கள் யாரும் கிளம்பவில்லை, தைப்பூசம் வரை பொறுத்திருந்தேன். அது முடிந்த மறுநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா, வீட்டைக் கொஞ்ச நாள் காலியா வைக்கணும்."

"ஏன்டா, பெயிண்ட் அடிக்கப் போறியா?"

"இல்லக்கா. சோடியம் அதிகமாயிடுச்சு."

"நானாடா சோடியம்?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு அம்பாங்கில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மச்சான் போகும்போது இரண்டு சியாகாப் கேட்டார், குளத்திலிருந்து பிடித்துக் கொடுத்தேன். சுகுமாறன்தான் கடைசியாகப் போனான். போவதற்கு முன் அவன் பாத்திரத்தைக் கழுவ வைத்தேன். நான் பார்க்க அவன் பாத்திரம் கழுவுவது இதுதான் முதல் தடவை.

இப்போது வீடு காலி. தொலைக்காட்சி ஓடும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. நானே சமைக்கிறேன். ஒருவருக்கு எத்தனை டப்பா அரிசி போட வேண்டும் என்று தெரியாமல் மூன்று நாள் பழைய சோறு சாப்பிட்டேன். நேற்று நெத்திலிச் சம்பல் வைத்தேன். உன் கைப்பக்குவம் வராது, ஆனால் சாப்பிடலாம். கொஞ்சம் டப்பாவில் போட்டு ஜுஹைரிடம் தருகிறேன்.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், குமுதா. பதினோரு பேரும் சிரித்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்து நான் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். நீ எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே வரவில்லை. மன்னித்துவிடு.

பேச்சுத் துணைக்கு இந்த நாற்பது மீன்கள்தான்.

உன்,
திருச்செல்வம்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
18 மார்ச் 2025

திருச்செல்வம் அவர்களுக்கு,

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய இரண்டு தொட்டி மீன்களையும் சோதித்துவிட்டேன். குடல் செல்களின் சவ்வைப் பிரித்தெடுத்து, அதற்குள் பாஸ்பேட் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தேன். ஏ தொட்டியும் பி தொட்டியும் ஒன்றுபோல் இருக்கின்றன. எந்த வித்தியாசமும் இல்லை. என் பேராசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், ரெண்டு தொட்டிக்கும் ஒரே சாக்கிலிருந்து போட்டுட்டாங்களோ?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்றேன்.

அதன் பிறகு பி தொட்டியின் ஏழாம் எண் மீனின் இரைப்பையைத் திறந்தேன். உள்ளே ஒரு நெத்திலித் தலை இருந்தது. கண்ணோடு.

மற்ற மீன்களையும் பார்த்தேன். இருபதில் பதினாறு மீன்களில் அதேதான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நான் தோற்று வீட்டுக்கு வர வேண்டும் என்று செய்தீர்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும்.

குமுதா


காப்பார்,
25 மார்ச் 2025

குமுதா,

இல்லை.

ஒரு சொல்லோடு நிறுத்தச் சொன்னாய். என்னால் முடியவில்லை. வீடு காலியான மறுவாரம் தொடங்கியது. சம்பலுக்கு நெத்திலி ஆய்ந்துகொண்டு பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் நிழல் விழுந்ததும் பி தொட்டி மீன்கள் மொத்தமாக மேலே வந்து வாயைத் திறந்தன. ஏ தொட்டிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வயிறு நிறைந்தவர்கள். பசித்த வாயைப் பார்த்துக்கொண்டு கையில் நெத்திலித் தலையைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் வீட்டில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒன்று போட்டேன். மறுநாள் காத்திருந்தன. அப்புறம் தினமும் ஒரு பிடி. ஒரு தலையில் உன் ஐந்து வருடம் இருக்கிறது என்று எனக்கு நிஜமாகவே உறைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். ஒரு நாள் அந்த எண்ணம் வந்தது. இது கெட்டுப்போனால் இவள் வந்துவிடுவாளே என்று. எனக்கே பயமாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் தலை போடவில்லை.

உன்னைக் கேட்காமலே இரண்டு தொட்டியையும் கழுவி, குளத்திலிருந்து புதிதாக இருபது இருபது மீன் பிடித்து விட்டிருக்கிறேன். வெள்ளைச் சாக்கில் இன்னும் தீவனம் இருக்கிறது. இன்று தொடங்கினால் மே 20. அதற்குப் பிறகும் உனக்கு ஆறு வாரம் இருக்கும். வீட்டில் இருந்த நெத்திலி மொத்தத்தையும் ஜுஹைரிடம் கொடுத்துவிட்டேன். நோன்பு நாளில் லோரி முழுக்க மணக்கிறது என்று புலம்புகிறான்.

இன்னொரு தடவை என்னை நம்பு.

திருச்செல்வம்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
8 ஏப்ரல் 2025

அன்புமிக்க என் வீட்டுக்காரருக்கு,

ஹரிராயா பெருநாள் விடுமுறையில் ஜுஹைர் வராததால் இந்தப் பதில் தாமதம். அந்த வாரம் முழுவதும் உங்களைத் திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால், பசித்த மீன்களுக்கு நடுவில் நீங்கள் நெத்திலித் தலைக் கூடையோடு முழிப்பதுதான் கண்ணில் நிற்கிறது. சிரித்துவிட்டேன். ஆனாலும் என் கோபம் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள். நானும் மறைக்கக் கூடாது. இந்த முறை முடிவு சரியாக வந்தால், நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் உள்ள மீன் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இரண்டு வருட வேலை கிடைக்கும். பேசி வைத்திருக்கிறார்கள். அப்படி வராவிட்டால் எனக்குப் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு காப்பாருக்கே வந்துவிடுவேன்.

ஒரு பிடி தலை போட்டால் நான் வீட்டில் இருப்பேன். போடாவிட்டால் நார்வே. வயிற்றுக்குள் என்ன இருந்தாலும் இந்த முறை நான் கேள்வி கேட்க மாட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டு தீவனம் போடுங்கள்.

உங்கள்,
குமுதா


காப்பார்,
29 ஏப்ரல் 2025

அன்புள்ள குமுதாவுக்கு,

நீ அந்த நார்வே விஷயத்தை எழுதாமலே இருந்திருக்கலாம். ஐந்து வாரம் ஆகிறது. பி தொட்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். ஒரு நாள் அப்படிப் போய்த் தண்ணீர்க் குழாயில் இடறி விழுந்தேன், முழங்காலில் சிராய்ப்பு. மீன்கள் எட்டிப் பார்த்தன. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு அக்கா கோபம் தணிந்து வந்தார். நார்வே பற்றி வாய் தவறி உளறிவிட்டேன். அவர் நேரே தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

"இந்த மீனுக்கு ரெண்டு தலை போட்டா உன் பொண்டாட்டி வந்துடுவாளா?"

"ஆமாக்கா."

"அப்புறம் என்னடா யோசனை? பையில கருவாடு இருக்கு, நானே போடுறேன் லா!"

கையைப் பிடித்து நிறுத்தினேன், குமுதா. அக்கா கையை என் வாழ்நாளில் பிடித்து நிறுத்தியதில்லை. "அவ தோத்துப் போய் இங்க வந்து உட்கார்ந்தா, எனக்கு எப்படிக்கா சோறு இறங்கும்?" என்று கேட்டேன். அக்கா கருவாட்டைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றார். அன்று இரண்டு பேருக்கும் அவரே ரசம் வைத்தார்.

நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. தினமும் காலையில் இருக்கிறது. நேற்று பி தொட்டியில் ஒன்று செத்துப்போயிற்று, பன்னிரண்டாம் எண். உன் கணக்குக்கு வேண்டும் என்று எண்ணை எழுதி ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன். எனக்கு நேற்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

உன்,
திருச்செல்வம்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
3 ஜூன் 2025

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

இரண்டரை மடங்கு!

பி தொட்டி மீன்களின் செல்கள் பாஸ்பேட்டை இரண்டரை மடங்கு வேகமாக உள்ளே இழுக்கின்றன. சோடியத்தை எடுத்துவிட்டால் அந்த வேகம் விழுந்துவிடுகிறது. அப்படியென்றால் அது நான் தேடிய வாசலேதான். பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து கை கொடுத்தார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு கீழே இறங்கி இரண்டு பேருக்குச் சாப்பாடு வாங்கி, இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

பத்தொன்பது மீன்களையும் திறந்து பார்த்தேன். கேட்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. உள்ளே எதுவும் இல்லை. வெறும் வெள்ளைத் தீவனம்.

ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றி சொல்ல ஒரு தாள் உண்டு. பேராசிரியருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சொன்ன பிறகு கடைசி வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: "எட்டு வாரம் பி தொட்டி மீன்களுக்கு எதுவும் கொடுக்காமல் இருந்த என் கணவர் திருச்செல்வத்துக்கு." ஆங்கிலத்தில் இருக்கிறது, உங்களுக்காகத் தமிழில் எழுதினேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

பெர்கனிலிருந்து வேலைக் கடிதம் வந்துவிட்டது. அக்டோபரில் சேர வேண்டும். நான் போகிறேன். அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. நான் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

போனில் தடையை எடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு குரல் செய்தி, அதற்கு மேல் கூடாது.

உங்கள்,
குமுதா


காப்பார்,
17 ஜூன் 2025

என் குமுதாவுக்கு,

தடை நீங்கியதைப் பார்த்தேன். செய்தி அனுப்ப இரண்டு முறை வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் மூடிவிட்டேன். எழுதிப் பழகிவிட்டது, நாலு வரி அடித்துத் திருத்த முடிகிறது. "இப்பதான் ஃபோன் இருக்கே பாஸ், இன்னும் என்ன லெட்டர்?" என்று ஜுஹைர் கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன்.

அந்த நன்றித் தாளில் எனக்கு ஆட்சேபம் உண்டு. முப்பது வருடத்தில் நான் உனக்கு நகை போட்டிருக்கிறேன், வீடு கட்டியிருக்கிறேன், பல் பிடுங்கக் கூட்டிப்போயிருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒன்றும் கொடுக்காததற்கு நன்றியா? படிக்கிறவன் என்னைக் கஞ்சன் என்று நினைக்க மாட்டானா? அக்காவிடம் படித்துக் காட்டினேன். "எழுதினது சரிதான்டா," என்கிறார். அதனால் ஒரு சொல்லையும் மாற்றாதே.

நான் என்ன செய்வேன் என்று கேட்டாய். காலையில் எழுந்து குளத்துக்குத் தீவனம் போடுவேன். ஒரு டப்பா அரிசியில் பாதி போட்டால் ஒருவருக்குச் சரியாக இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டேன். அக்கா மாதம் ஒரு ஞாயிறு வருவார், வந்தால் அவரே சமைத்துவிட்டுப் போவார், அப்படித்தான் பேசியிருக்கிறோம். எட்டு வாரம் தினமும் காலையில் ஒரு முறை மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். இரண்டு வருடமும் அப்படித்தான் போகும், தினமும் காலையில் ஒரு முறை. நீ போ. நன்றாகப் போ. ஒருத்தருக்கும் பயந்துகொண்டு போகாதே, என் மனசுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமைதான் கஷ்டமாக இருக்கிறது. போன செவ்வாய் உனக்கு அனுப்ப மீனும் இல்லை, ஒட்டப் பெட்டியும் இல்லை. காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு பஸ் ஏறி ஷா ஆலம் போய் பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுத்தேன். அங்கே கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் ரொம்பத் தன்மையாகப் பேசினாள். எந்த நாட்டுக்கு அங்கிள் என்று கேட்டாள், நார்வே என்றேன், மனைவி அங்கே மீன் டாக்டர் என்றேன். படத்தில் சிரிக்கக் கூடாதாம். ஐந்து தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

உன்,
திருச்செல்வம்